அந்தாண்ட பெய்த மழைக்கு ஒரு மனு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் உள்ளத்தில் ஊற்றெடுத்ததல்ல. தபால் கார்டில் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். ‘பஞ்ச காலத்திலும் கலையைப் போற்றுவோம்’ என்று ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறார்களாம். நான் எல்லைப்புறத்தில் இருப்பவனாம். ஆகவே கிராமியக் கலைஞர்களைப் பற்றி உள்ளத்தை உருக்கும் கதை ஒன்று உடனே அனுப்ப வேண்டுமாம். காகித விலை ஏறிவிட்டபடியால் சன்மானம் இம்முறை இயலாது. முடிவு மங்களமாக இருக்கட்டும். மலரின் பிரதி வேண்டுமென்றால் தபால் செலவுக்கு மூன்றணா ஸ்டாம்பு இணைக்கவும்.

பஞ்சத்தில் கலையை எப்படிப் போற்றுவது என்பது அந்தக் கார்டைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஸ்டாம்பை ஒட்டி அனுப்பினேன்.

என் தொழில் மனு எழுதுவது. ஓசூரில், தாலுகா கச்சேரிக்கு எதிரே, புங்கமரத்தடியில் ஒரு சாய்வுப் பெட்டியும் மைக்கூடும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாதா மனுவுக்கு நாலணா. அழுகிற மனுவுக்கு ஆறணா.* எல்லோரும் என்னை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதை எழுதுவதால் அல்ல.

[* ‘ஏழை, எளியவன், பிள்ளைகுட்டிக்காரன், தங்கள் பாதமே கதி’ என்ற வரிகள் கூடுதலாகச் சேர்வதால் ஆறணா. மை செலவாகிறது அல்லவா.]

2

தொடக்கங்கள்:

‘தளி மலைகளின் மேல் கருமேகங்கள் யானைக் கூட்டம் போல அணிவகுத்து—’

இது ஆகாது. ஐம்பத்திரண்டாம் வருஷம் தளிப் பக்கம் மேகம் என்ற ஒன்றே இல்லை. யானை இருந்தது. ஜவளகிரிக் காட்டிலிருந்து குட்டையில் தண்ணீர் தேடி வந்து, சேற்றை மிதித்துவிட்டுப் போனது.

‘அந்த ஏழைக் கலைஞனின் கண்களில் ஒரு துளி நீர் திரண்டு—’

இதுவும் ஆகாது. ஆசிரியருக்குப் பிடிக்கும், ஆனால் கங்கப்பன் அழவில்லை. என் பெட்டிக்கு முன்னால் வந்து குந்தியதும் அவர் முதலில் கேட்டது, கொஞ்சம் புகையிலை இருக்குமா என்பதுதான்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். கங்கப்பன் மத்தூர்ப் பக்கத்துக் கூத்தாடி. ஒன்பது பேர் கொண்ட ஜமாவுக்கு வாத்தியார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ராஜா வேஷமும் கட்டுவார், பெண் வேஷமும் கட்டுவார். அவருடன் வந்தவள் அவர் மனைவி மாதம்மாள். அவள் வேஷம் கட்டுவதில்லை, வேஷம் கட்டுகிறவர்களுக்குச் சோறு வடிக்கிறவள். இரண்டு பேரும் ஒரு பெட்டியை மீட்க வந்திருந்தார்கள்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். கிரீடம் நாலு, தோளில் கட்டும் கட்டை நகைகள், மார்ப்பட்டை, சலங்கை, சாயப் பொடி. எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்தவை. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் ஒன்பது பேரும் வெறும் ஒன்பது ஆட்கள். கூத்துக்கு அழைப்பு வரத் தொடங்குகிற தை மாதத்துக்குள் அது கைக்கு வராவிட்டால் ஜமா கலைந்துபோகும் என்றார் கங்கப்பன். ஏற்கெனவே எதிரி ராஜா வேஷக்காரர் முனிவேல், பெங்களூரில் புதிதாகக் கட்டுகிற ஒரு ஃபாக்டரிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். அவருக்கு மீசை சொந்த மீசை. பார்த்தவுடன் வேலை கொடுத்துவிட்டார்களாம்.

3

பெட்டியைப் பிடித்து வைத்திருப்பது தளிக்கு அப்பால் ஓர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். நாளைக்கு அவர்களும் மனு எழுத என்னிடம்தான் வர வேண்டும். ஊருக்கு மேற்கே ஓர் ஓடை. ஓடைக்கு அந்தாண்ட மைசூர் ராஜ்யம், இந்தாண்ட நம்முடைய சேலம் ஜில்லா. ஓடையில் தண்ணீர் இல்லாததால் எது எந்த ராஜ்யம் என்பது மாடுகளுக்குத் தெரியாது. கதையின் சிக்கல் இதில்தான் இருக்கிறது.

மூன்றாவது வருஷமாக மழை தவறியது. சர்க்காரில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். ரோட்டுக்குக் கல் உடைக்கிற வேலை கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் உடைத்தார்கள், குடித்தார்கள், மேலே பார்த்தார்கள். கடைசியில் நாட்டாண்மை நாராயணப்பன் ஊரைக் கூட்டி, மாடு திருப்புகிற கூத்து வைத்துவிடலாம் என்றார்.

(வெளியூர் வாசகர்களுக்கு: வேஷம் மாறி ஒளிந்து வாழும் ராஜகுமாரன், எதிரி ஓட்டிப் போன பசுக்களை மீட்டு வருகிற கதை அது. எந்தக் கதை என்று உங்களுக்கே தெரியும். அவனும் அண்ணன் தம்பிகளும் ஒளிந்திருந்த நாட்டில் மட்டும் மழை தவறாமல் பெய்ததாம். ஆகவே அந்தக் கதையை ஆடுகிற ஊரிலும் பெய்ய வேண்டும். கதைக்குள் பெய்தால் வெளியிலும் பெய்யும் என்பது கணக்கு. எழுத்தாளர்களைவிடக் கதையின் மேல் நம்பிக்கை உள்ளவர்கள் நம் குடியானவர்கள்.)

கவனியுங்கள். மழை பெய்து நன்றாக விளைந்த வருஷங்களில் அந்த ஊர் கூத்தே வைக்கவில்லை. வயிறு நிறைந்தவனுக்குக் கூத்து எதற்கு? தானியக் குதிர் காலியான பிறகுதான் கலையின் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஒரு படி ராகி வாங்கினார்கள். கஞ்சித் தொட்டியில் நின்று வாங்கிய கஞ்சியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுத் தானியப் பானையைச் சுரண்டி அந்த ஒரு படி ராகியைக் கொண்டுவந்து போட்டாள் வெள்ளையம்மா என்ற ஒருத்தி. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ராகி அது.

பேச்சு என்னவென்றால், முன்பணமாக ஒரு மூட்டை, மழை பெய்தபின் மூன்று மூட்டை. கங்கப்பன் ஒப்புக்கொண்டார். ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ஒன்பது பேர் ஒரு மாதமாகப் பட்டினி என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆடினால் பெய்யும் என்று அவரும் நம்பினார்.

விடிய விடிய ஆடினார்கள். விடிந்ததும் கடைசிக் கட்டம், மாடு திருப்புவது. இதற்கு மட்டும் நிஜ மாடுகள் வேண்டும். ஊர் மாடுகளில் பாதியை மேய்ச்சலுக்கு ஜவளகிரிக் காட்டோரம் ஓட்டிவிட்டிருந்தார்கள். மீதி பதினொன்று, எலும்பும் தோலுமாக. எதிரி ராஜா அவற்றை ஊர் எல்லை வரைக்கும் ஓட்ட வேண்டும். பெண் வேஷத்தில் இருக்கும் ராஜகுமாரன், அதாவது கங்கப்பன், மடக்கிக் கோயில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, முடிவு வாழ்த்தான வாழி பாட வேண்டும். எதிரி ராஜா ஓட்டினார். மாடுகள் எல்லையில் நிற்கவில்லை. ஓடைக்கு அந்தாண்ட யாரோ ராகித் தாள் போர் போட்டிருந்தார்கள். பதினொரு மாடுகளும் ஓடையைத் தாண்டிப் போய் அந்தப் போரில் வாயை வைத்துவிட்டன.

அதன்பிறகு நடந்ததை எந்தப் பாட்டிலும் எழுதவில்லை. எதிரி ராஜா முன்னாலிருந்து கொம்பைப் பிடித்துத் தள்ளினார். ராஜகுமாரன் பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுத்தார். இரண்டு தரப்பும் சேர்ந்து போரிட்டும் ஒரு மாடுகூட நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சூரியன் ஆள் உயரம் ஏறுவதற்குள் வாழி பாடி முடிக்க வேண்டும். அதுவும் மீட்ட மாடு நிற்கிற இடத்தில் நின்றுதான் பாட வேண்டும். கூத்தாடிகளின் கட்டுப்பாடு அது.

“மாடு மைசூரு ராஜ்ஜியத்துல நின்னுதுங்க, நான் என்ன பண்றது?” என்றார் கங்கப்பன். “நின்ன எடத்துல பாடிட்டேன்.”

நாலாம் நாள் மழை பெய்தது. ஓடைக்கு அந்தாண்ட.

4

இரண்டு நாழிகை பெய்ததாம். இந்தாண்ட ஊரே கரையில் வந்து நின்று பார்த்திருக்கிறது. மண் வாசனை இந்தப் பக்கம் வந்தது. மழை வரவில்லை.

(இந்த இடத்தில் அழகாக ஒரு பத்தி எழுதலாம். ‘இயற்கைக்கு ஏது எல்லை, மனிதன் போட்ட கோடு அல்லவா’ என்று. எழுதிப் பார்த்தேன். ஆனால் இயற்கை அன்று கோட்டை மிகச் சரியாக மதித்திருந்தது. அடித்துவிட்டேன்.)

பஞ்சாயத்துக் கூடியது. ஊரின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. கூத்து ஆடினால் மழை பெய்யும். கூத்து ஆடப்பட்டது. மழை பெய்தது. வாழி எங்கே பாடப்பட்டதோ அங்கே பெய்தது. ஆகவே ஊருக்குச் சொந்தமான மழையைக் கங்கப்பன் பக்கத்து ராஜ்யத்துக்குக் கொடுத்துவிட்டார். மூன்று மூட்டை கிடையாது. முன்பணத்து ராகியையும் திருப்பித் தர வேண்டும். அது தின்று தீர்ந்துவிட்டதால் பெட்டியை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

கங்கப்பன் ஓடையைத் தாண்டி அந்த ஊருக்குப் போய், உங்கள் வயலில் பெய்தது என் மழை, ஒரு மூட்டையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் ஏர் பூட்டிக்கொண்டிருந்தார்கள். “நாவு கரெய்லில்லப்பா” என்றார்களாம். நாங்கள் கூப்பிடவில்லையே என்று அர்த்தம். அதோடு, தமிழ்ப் பாட்டுக்கு எங்கள் ஊரில் மழை பெய்யாது, இது எங்கள் பசவண்ணன் கொடுத்தது என்றும் சொல்லி, மாடு தின்ற தாளுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்களாம். கங்கப்பன் திரும்பி வந்துவிட்டார்.

5

இப்போது மனு. என் தொழில் என்னைக் கைவிட்ட இடம் இது.

முதல் நகல்: ‘மேற்படி கூத்தினால் மழை பெய்வது ஆதிகாலம் தொட்டு அனுபவம். மனுதாரர் முறைப்படி ஆடியதில் மழையும் பெய்துள்ளது. ஆகவே பேசிய கூலியும்—’

நிறுத்தினேன். மழை அவரால் பெய்தது என்று எழுதினால், தப்பான இடத்தில் பெய்ததற்கும் அவரே பொறுப்பாளி ஆகிவிடுவார். பெட்டி போனது போனதுதான்.

இரண்டாம் நகல்: ‘மழை தெய்வச் செயல். கூத்துக்கும் மழைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மனுதாரர் வெறும் கலைஞர். ஆகவே—’

மறுபடி நிறுத்தினேன். சம்பந்தம் இல்லை என்று அவரே கைநாட்டு வைத்துக் கொடுத்தால், இனிமேல் எந்த ஊர் அவரைக் கூப்பிடும்? மழைக்கு ஆகாத கூத்துக்கு யார் பானையைச் சுரண்டுவார்கள்?

உபயோகம் உண்டு என்றால் நஷ்ட ஈடு. உபயோகம் இல்லை என்றால் பட்டினி. இரண்டு நகலையும் கங்கப்பனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டுக்கும் தலையாட்டினார். மாதம்மாள் தலையாட்டவில்லை.

“பேஞ்சாத்தான் கூலின்னா, ஏர் ஓட்டறவனுக்கு வெளஞ்சாத்தான் கூலியாண்ணா? கண்ணாலம் பண்ணி வெக்கிற ஐயருக்குப் புள்ள பொறந்தாத்தான் தட்சணையா?”

நன்றாக இருக்கிறது, ஆனால் மனுவில் இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டேன். ஆடினார், ஆடினதுக்குக் கூலி என்று எழுதுங்கள் என்றாள். அப்படி ஒரு வகை மனு என் முப்பது வருஷ அனுபவத்தில் இல்லை. நிலம், பாதை, கிணறு, வாரிசு, இப்போது கஞ்சித் தொட்டி. ஆட்டத்துக்கு வகை கிடையாது.

இந்த மாதம்மாள் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. கதைக்கு வசதியாக இவ்வளவு கூர்மையாக ஒருத்தி பேசுவாளா, அல்லது நானே பேச வைக்கிறேனா? உண்மையைச் சொன்னால், அவள் இன்னும் காரமாகப் பேசினாள். மலரில் போட முடியாத ஒரு வார்த்தை இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

6

கதை என்றால் ஒரு கெட்டவன் வேண்டும். விளக்குக் கடை தஸ்தகீரைப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குக் கூத்துக்கு இரண்டு பெட்ரோமாக்ஸ் கொடுத்தவர் அவர். ‘வட்டிக்கு மேல் வட்டி போட்டு அந்த ஏழையின் இரத்தத்தை—’ என்று எழுதிக்கொண்டிருக்கும்போது அவரே மரத்தடிக்கு வந்து, காகிதத்தை வாங்கிப் படித்தார்.

“ஏன் ரைட்டரே, வாடகையே வரல. வட்டி எப்ப வந்தது?”

பின் ஏன் விளக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கலைமேல் இருக்கிற பற்றால் என்று சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைக்கூட எடுத்தேன். பஞ்சத்தில் கல்யாணம் கிடையாது, விளக்கு சும்மா கிடந்தால் அதில் காற்றடிக்கிற பம்புத் தோல் காய்ந்துபோகும், ஒரு தரம் எரித்துவிட்டால் நல்லது என்றார். இந்தக் கதையில் கலைக்குக் கொடுத்துவிட்டு எதையும் கேட்காதவர் இவர் ஒருவர்தான். அவருக்கும் பம்புத் தோல்தான் காரணம். கெட்டவனும் ஆகாமல் வள்ளலும் ஆகாமல் எழுந்து போய்விட்டார்.

7

கடைசியில் இரண்டு நகலையும் சேர்த்து ஒரே மனுவாக எழுதினேன். மழை மனுதாரரால் பெய்தது, அப்படிப் பெய்யாத பட்சத்தில் மனுதாரருக்குப் பொறுப்பில்லை என்று. அழுகிற வரிகளை இலவசமாகச் சேர்த்தேன். மேலே அனுப்பினோம். எந்த மேலே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘சம்பவ மழை அந்நிய ராஜ்யத்தில் பெய்திருப்பதால் நடவடிக்கைக்கு இடமில்லை.’

தை மாதம் வந்தது, போனது. ஜமாவில் இன்னும் மூன்று பேர் பெங்களூருக்கு மண் சுமக்கப் போனார்கள். கங்கப்பன் கிருஷ்ணகிரி ரோட்டில் கல் உடைத்தார். ஒருநாள் பார்த்தேன். உடைக்கிறவர்களில் அவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கூப்பிட்ட பிறகு திரும்பினார். எனக்கு வருத்தமாக இருந்தது. அதை எப்படி எழுதினாலும் மலருக்கு ஏற்றதாக ஆகிவிடுகிறது, அதனால் வருத்தமாக இருந்தது என்றே விட்டுவிடுகிறேன்.

8

ஆசிரியர் கேட்ட மங்கள முடிவுகள் சில. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) ஒரு மந்திரி அந்த வழியாக வருகிறார், கேள்விப்படுகிறார், பெட்டியை வாங்கிக் கொடுத்து ஒரு பொன்னாடையும் போர்த்துகிறார். [பொன்னாடையைப் பிழிந்தால் கஞ்சி வராது என்று மாதம்மாள் சொல்வாள்.]

(ஆ) இந்தாண்டயும் மழை பெய்கிறது. மக்கள் மனம் குளிர்ந்து பெட்டியைத் தலையில் சுமந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள். [மழை பெய்தால் எல்லோரும் ஏர் பூட்டப் போய்விடுவார்கள். பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்பதே மறந்துபோகும்.]

(இ) கங்கப்பன் இறந்துவிடுகிறார். ஊர் சிலை— [மன்னிக்கவும். ஆள் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.]

ஆமாம், எதிரே உட்கார்ந்திருக்கிறார். இப்போது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது. இன்றைக்கு நடந்தது இதுதான்.

9

காலையில் மரத்தடிக்கு ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டியில் பெட்டி. பக்கத்தில் நாட்டாண்மை நாராயணப்பன். கிருஷ்ணகிரி ரோட்டுக்கே போய், அங்கே கல் உடைத்துக்கொண்டிருந்த கங்கப்பனையும், கல் பொறுக்கிக்கொண்டிருந்த மாதம்மாளையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நாலாவது வருஷமும் மழை இல்லை. மறுபடியும் கூத்து வைக்க ஊர் முடிவு செய்திருக்கிறது. இந்தத் தடவை மாடுகளுக்குக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்களாம். ஜமாவில் மிச்சமிருக்கிற ஐந்து பேரே ஆடினால் போதுமாம். கூலி என்ன என்று மாதம்மாள் கேட்டாள்.

“அதான் பெட்டியக் கொண்டாந்துட்டமே” என்றார் நாராயணப்பன்.

அவருடைய பெட்டியையே அவருக்குக் கூலியாகக் கொடுப்பது! கலையைப் போற்றுகிற வழிகளில் இதைவிடச் செலவில்லாத ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மாதம்மாள் விடவில்லை. ஒரு மணி நேரம் பேசி, பெட்டியும் மூன்று மூட்டை ராகியும் என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். உடன்படிக்கை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ‘மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மேற்படி பெட்டியும் கூலியும் மனமொப்பிக் கொடுக்கிறோம்.’ வரி மாதம்மாளுடையது. கையெழுத்து மட்டும் என்னுடையது.

படித்துக் காட்டினேன். நாராயணப்பன் ‘பெய்யாவிட்டாலும்’ என்ற வார்த்தையை அடித்துவிடச் சொன்னார்.

“மூட்டைய நான் மிச்சம் புடிக்கப் பாக்கலீங்க. பேயாதுன்னு நாமளே எழுதி வெச்சிட்டு, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வீடு வீடா ராகி கேக்கறது? நம்பிக்க போச்சுன்னா ஒருத்தரும் ஒரு புடி போட மாட்டாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளையம்மா கூத்துக்காகப் பானையைச் சுரண்டவில்லை, மழைக்காகத்தான் சுரண்டினாள். கங்கப்பன் பெட்டியைத் திறந்து கிரீடத்தை எடுத்து மடியில் வைத்திருந்தார். ஓரத்தை எலி கடித்திருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே, நிமிராமல், “அடிச்சிருங்க ரைட்டரே, ஆட்டம் வந்தா போதும்” என்றார்.

மாதம்மாள் அவரைப் பார்க்கவில்லை. நாராயணப்பனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“போன தபா விடிய விடிய ஆடினாரு. வருசம் ஒண்ணாச்சு. மழ அங்க பேஞ்சுது, இங்க பேயலன்னு பேசறீங்க. ஆட்டம் எப்டி இருந்துச்சுன்னு ஒருத்தரு, ஒரு வார்த்த சொன்னீங்களா?”

நான் இதுவரை எழுதிய தாள்களை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மாடு இருந்தது, ஓடை இருந்தது, ராகி இருந்தது, பம்புத் தோல்கூட இருந்தது. கங்கப்பன் எப்படி ஆடுவார் என்பது எந்தத் தாளிலும் இல்லை. என்னிடம் அவர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. நான் கேட்கவே இல்லை. கலையைப் போற்றக் கதை எழுத உட்கார்ந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது பேனாவின் முள் அந்த வார்த்தையின் முதல் எழுத்தின் மேல் நிற்கிறது. மூன்று பேரும் என் கையைப் பார்க்கிறார்கள். அடித்தால் கங்கப்பன் இந்த மாதமே ஆடுவார், மழை எங்கே பெய்கிறது என்று பார்த்தபடியே ஆடுவார். அடிக்காவிட்டால் மாதம்மாள் சொன்னது நிற்கும், பெட்டி வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.

நான் அடிக்கப்போவதில்லை, விடப்போவதும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆட்டமும் வேண்டும், அந்த வார்த்தையும் வேண்டும் என்பீர்கள், எனக்குத் தெரியும். அப்படியானால் மூன்று மூட்டை ராகியை யார் கொடுப்பது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.